மணலுக்கு எதற்கு முனைவர் பட்டம்?

கடற்கரை மணலைப் பற்றிப் பெருந்துறை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை.

எம் புள்ள சிவில் முடிச்சுட்டா. கடலோரத்துல மணல் கொட்டறதைப் பத்திப் பிஎச்.டி. பண்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. மணல்ல அஞ்சு வருசம் படிக்கறதுக்கு என்னங்க இருக்குது?
– ஒரு தாய், பெருந்துறை

அஞ்சு வருசம் பத்தாதுங்க அம்மா. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட், 1936-இல் சூரிச்சில் முனைவர் பட்டம் வாங்கியதே, ஓடும் தண்ணீர் ஆற்றின் அடியில் கிடக்கும் மணலையும் கல்லையும் எப்படி உருட்டிக்கொண்டு போகிறது என்ற ஆய்வுக்குத்தான். ஒரு துகள் கொஞ்ச தூரம் போகும், நெடுநேரம் கிடக்கும், திடீரென்று மறுபடி கிளம்பும். எந்தத் துகள் எப்போது கிளம்பும் என்று அடித்துச் சொல்ல முடியாது, நிகழ்தகவாகத்தான் கணக்குப் போட முடியும் என்று அவர் காட்டினார். பிறகு அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்து ஆயுள் முழுக்க அதையே ஆராய்ந்தார். அதுவும் ஒரே திசையில் ஓடும் ஆற்றுக்கு. கடலிலோ அலை, ஓதம், காற்று, இரண்டு பருவமழை எல்லாம் சேர்ந்து அதே துகளை இழுக்கின்றன. தாராளமாகப் படிக்க வையுங்கள்.

அலை முன்னால வருது, பின்னால போகுது. மணலும் அதோட வந்துட்டுப் போகுது. இதுல மணல் எப்படி ஊர் விட்டு ஊர் போகும்?
– பத்தாம் வகுப்பு மாணவன், விஜயமங்கலம்

அலை கரைக்கு நேர் எதிரே வந்தால் நீ சொல்வதுதான் நடக்கும் தம்பி. பெரும்பாலும் அது சாய்ந்துதான் வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தூக்கிவரும். இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக இழுக்கும். ஆக ஒவ்வோர் அலைக்கும் மணல் பக்கவாட்டில் ஒரு சின்ன எட்டு வைக்கிறது. எட்டு விநாடிக்கு ஓர் அலை என்று வை; ஒரு நாளில் பத்தாயிரத்துக்கு மேல். இதோடு, அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமும் ஓடும். அடுத்த தடவை கடற்கரைக்குப் போனால் அங்கே மிதக்கும் தென்னமட்டை ஒன்றைக் கரையில் நின்றே கவனி. பத்து நிமிடத்தில் அது உனக்கு நேரே இருக்காது.

நம் கிழக்குக் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே திரும்பும். வடக்கே போவது அதிகம் என்பதால், வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே நகர்ந்திருக்கும்.

பாண்டிச்சேரி பீச்சுன்னு ஆசையாப் போனா, ரோட்டோரமா கருங்கல்லுதான் கொட்டிக் கெடக்குது. அங்க இருந்த மணல் எங்கீங்க போச்சு?
– விவசாயி, திங்களூர்

வடக்கே போய்விட்டது. புதிதாக வர வேண்டிய மணல் தெற்கே நின்றுவிட்டது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய இரண்டு கல்சுவர்கள் 1989-இல் முடிந்தன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணலுக்கு அவை குறுக்கே நின்றன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரைக்கு வரத்து அற்றுப்போனது. கீழ்பவானி வாய்க்காலில் மேலே இருப்பவர் மறித்துக்கொண்டால் கடைமடைக்காரர் என்ன ஆவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைமடையில் பயிர்தான் காயும், நிலம் மிஞ்சும். அங்கே நிலத்தையே கடல் எடுத்துக்கொண்டது.

இது தெரியாமல் நடந்ததல்ல. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. சுவர் கட்டினார்கள், மணலைக் கடத்திவிடும் வேலை மட்டும் தொடர்ந்து நடக்கவில்லை. கட்டும் வேலைக்குத் திறப்பு விழா உண்டு, வருடா வருடம் மணல் அள்ளிப் போடுவதற்கு விழா கிடையாது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தோடு அரிப்பு நிற்காமல் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று ஊர் ஊராக நகர்ந்தது. எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது. மறித்தது புதுச்சேரியில், வீடு இழந்தது தமிழ்நாட்டிலும்.

2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த ஒரு தடுப்பைப் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கினார்கள். ஆப்பு வடிவ இரும்புக் கூடு, உள்ளே கல், தண்ணீருக்கு அடியில் கிடக்கும். அலையின் வேகத்தை அது உடைக்க, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து போட, முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த இடத்தில் பிள்ளைகள் கால் புதைய நடக்கும் கடற்கரை வந்தது. அதற்காக அந்தப் பொறியாளர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் மணல் வரத்து தொடர்ந்தால்தான் அந்தக் கரை நிலைக்கும்.

கல்லைக் கொட்டுனா ஒரே செலவோட முடிஞ்சுது. மணலைக் கொட்டிக் கொட்டி அலைக்குக் குடுக்கறதெதுக்குங்க?
– கட்டட மேஸ்திரி, ஊத்துக்குளி

ஒரே செலவோடு முடியாதுங்க. கல்லில் மோதும் அலை முழுதும் அடங்காமல் திரும்பி, சுவரின் அடியிலேயே தோண்டும். கல் உள்ளே இறங்கும், மேலே மறுபடி கொட்டுவார்கள். சுவருக்கு முன்னால் மிச்சமிருந்த மணலும் போய்விடும். மீனவர் படகை எங்கே ஏற்றுவார்? வலையை எங்கே காயப்போடுவார், எங்கே உட்கார்ந்து அதைச் சரிபார்ப்பார்? மணல்வெளிதான் அவருக்குப் பட்டறை. சாலையும் ஊரும் அந்த நிமிடமே விழப்போகிறது என்ற இடத்தில் கல் வேண்டியதுதான், மறுக்கவில்லை. எடுத்தவுடன் கல்லுக்குப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

மெரினா அவ்வளவு அகலமா இருக்குதே. அப்ப சென்னையில கடலரிப்பு இல்லதானே?
– வாசகர், குன்னத்தூர்

மெரினா அகலமானதும் ராயபுரம் கரைந்ததும் ஒரே காரணத்தால்தான். 1876-இல் தொடங்கிய துறைமுகச் சுவர் மணலை மறிக்க, தெற்கே மெரினா வளர்ந்தது, வடசென்னை மீனவக் குப்பங்கள் தேய்ந்தன.

கடலுக்கும் நமக்கும் எத்தனையோ மைல். ஈரோட்டுக்காரங்க இதைப் பத்திக் கவலைப்பட என்னங்க இருக்குது?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

பேப்பரில் தினமும் பவானிசாகர் நீர்மட்டம் பார்ப்பீர்கள். முழு மட்டம் 105 அடி என்று போடுவார்கள். அணையின் உயரம் 120 அடி. மீதி 15 அடி சேறு சகதிக்கென்று கழித்த கணக்கு. 1955-இல் அணை வந்ததிலிருந்து, நீலகிரியிலிருந்து மோயாறும் பவானியும் உருட்டிவரும் பருமணல் நீர்த்தேக்கத்தின் தலைப்பிலேயே படிந்துவிடுகிறது. வண்டல் உள்ளே வந்து அடியில் அமர்கிறது. காவிரிக்கு 1934-லிருந்து மேட்டூர் அதே வேலையைச் செய்கிறது. அணை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நம் வயிறு நிறைந்தது அவற்றால்தான். ஆனால் அந்த மணல் கூடுதுறை தாண்டி, கரூர் தாண்டி, கடைசியில் டெல்டாவின் கரைக்குப் போய்ச் சேர வேண்டியது.

அணைக்குக் கீழே ஆற்றில் மிச்சமிருந்ததை லாரியில் ஏற்றினோம். கடந்த ஐம்பது வருடத்தில் கொங்கு நாட்டில் எழும்பிய வீடுகள், மில்கள், கல்யாண மண்டபங்கள் எதில் கட்டியவை? நம் வீட்டுச் சுவரில் பூசியிருப்பதில் கடற்கரைக்குப் போயிருக்க வேண்டிய மணலும் உண்டு. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. புதுச்சேரியில் 56.2 சதவீதம். எல்லாப் பழியும் நம்முடையதல்ல. துறைமுகச் சுவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு, புயல்களுக்கும் உண்டு. நம் பங்கும் அதில் இருக்கிறது.

கொடுமணல்ல செஞ்ச கல்மணி பூம்புகாருக்குப் போயிக் கப்பல் ஏறுச்சுன்னு படிச்சேன். பூம்புகார் கடலுக்குள்ள போனதுக்கும் மணல்தான் காரணமுங்களா?
– ஆசிரியை, சென்னிமலை

நம் பெருந்துறை வட்டத்து நொய்யல் கரை ஊர் அது, நீங்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை. மேற்கே முசிறியையும் கிழக்கே காவிரிப்பூம்பட்டினத்தையும் இணைத்த பெருவழியில் கொடுமணல் இருந்தது. பூம்புகார்க் கடலடியில் தேசியக் கடலியல் நிறுவனம் 1981 முதல் தேடி, கரையோரத்திலும் கடலுக்குள்ளும் பழைய கட்டடச் சுவடுகளைக் கண்டது. ஒரே நாளில் ஊரைக் கடல் விழுங்கியது என்று கதையாகச் சொல்வது எளிது. டெல்டாக்கள் நடந்துகொள்ளும் விதத்தை மறக்கக் கூடாது. ஆறு எந்தக் கிளை வழியாக அதிகம் கொட்டுகிறதோ அந்த முகத்துவாரத்தில் நிலம் வளரும். தண்ணீர் வேறு கிளைக்குத் திரும்பினால் பழைய முகத்துவாரத்தைக் கடல் மெல்லத் தின்னும். இன்று காவிரி வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகத்தான் போகிறது. அணைகளுக்கு வெகுகாலம் முன்பே கரை அசைந்துகொண்டுதான் இருந்தது. நம் காலத்தில் அந்த அசைவைச் சமாளிக்கத் தேவையான மணல் ஆற்றில் வருவதில்லை, அதுதான் புதிது.

இலங்கையில கோடிக்கணக்குல செலவழிச்சுக் கொட்டுன மணல் சில வாரத்துலயே கடலோட போச்சுன்னு செய்தி வந்துச்சே. காசு கரியாச்சுதானே?
– வங்கி ஊழியர், கோபி

2020-இல் கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில் நடந்ததைச் சொல்கிறீர்கள். மக்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வாசலில் நிற்கும்போது மணல் கொட்டினால் கண்முன்னே கரையத்தான் செய்யும், அந்தக் கடலோரத்தில் அலை சீறும் காலமே அதுதான். அதோடு, என்ன ஆகும் என்று ஊராரிடம் முன்கூட்டியே விளக்கவும் வேண்டும்.

விளக்க வேண்டியது இது. கடற்கரை என்பது நம் கண்ணுக்குத் தெரியும் காய்ந்த மணல் மட்டுமல்ல. அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள் சரிவாக இறங்கிக் கிடக்கிறது. மேலே குவித்த மணலில் ஒரு பங்கை அலை இழுத்துப்போய் அந்தச் சரிவை நிரப்பும். சரிவு நிரம்பினால்தான் பெரிய அலை தூரத்திலேயே உடையும், கரை தப்பும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் டீன் இந்தச் சரிவின் வடிவத்துக்குச் சூத்திரமே தந்திருக்கிறார். எவ்வளவு போகும், எவ்வளவு தங்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு ஊராருக்குச் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் பொறியாளர் எதிர்பார்த்த நகர்வைக்கூட ஊர் ஊழல் என்றுதான் படிக்கும்.

நெதர்லாந்துக்காரர்கள் இதை வேறு விதமாக யோசித்தார்கள். 1990-இல் கரைக்கோடு எங்கே இருந்ததோ அங்கேயே அதை நிறுத்துவது என்று முடிவெடுத்து, அன்றிலிருந்து மணல் போட்டு வருகிறார்கள். 2011-இல் ஹேக் நகருக்குத் தெற்கே ஒரே இடத்தில் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டரைக் கொக்கி வடிவத்தில் கடலுக்குள் குவித்தார்கள். பத்து கன மீட்டர் பிடிக்கும் லாரி என்றால் 21 லட்சத்து 50 ஆயிரம் லோடு. பரப்புகிற வேலையை அலையிடமும் காற்றிடமும் விட்டுவிட்டார்கள். இருபது வருடம் தாங்கும் என்பது கணக்கு. மணல் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது, மணல்மேடு எப்படி வளர்கிறது, புழுவும் சிப்பியும் எப்போது திரும்புகின்றன என்று அந்த ஒரு குவியலை வைத்து முனைவர் பட்ட மாணவர்களின் கூட்டமே ஆய்வு செய்தது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது அந்த அளக்கும் பழக்கத்தைத்தான். கொட்டியதோடு போகாமல், வருடக்கணக்கில் அங்கேயே நின்று அளந்தார்கள்.

எம்-சாண்ட் கொட்டலாமுங்களா? நம்ம பக்கம் கிரஷருக்குப் பஞ்சமே இல்ல.
– வாசகர், நசியனூர்

வேண்டாங்க. உடைத்த கல்துகள் கூர்முனையோடு இருக்கும். அதில் இருக்கும் மாவு தண்ணீரைக் கலக்கும். வெறுங்காலோடு கரைவலை இழுப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மலையைக் கரைத்து இன்னொரு கரையைக் காப்பது இழப்பை இடம் மாற்றுவதுதான். துறைமுக வாயில் அடைத்துக்கொள்ளும் மணலை எப்படியும் தூர்வாரியே ஆக வேண்டும். ஆழ்கடலில் வீசாமல் அதைக் கரையில் போடட்டும். விசாகப்பட்டினத்தில் வெளித்துறைமுகம் வந்த 1970-களிலிருந்து நகரக் கடற்கரையைத் தூர்வாரிய மணலை வைத்துத்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

கன்னியாகுமரிப் பக்கம் மணல்ல கறுப்பு வரி வரியாத் தெரியுது. எண்ணெய்க் கழிவுங்களா?
– சுற்றுலா வேன் ஓட்டுநர், பெருந்துறை

இல்லைங்க. அது இல்மனைட் போன்ற கனிமம். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. கையில் அள்ளிப் பாருங்கள், சாதா மணலைவிடக் கனம் தெரியும். அலை லேசான வெள்ளைத் துகளை எடுத்துக்கொண்டு போகும், கனமானது அங்கேயே தங்கும். அதனால் கறுப்பு வரி தடித்துக்கொண்டே வந்தால், அந்த இடத்தில் அண்மையில் மணல் பறிபோயிருக்கிறது என்று படிக்கலாம். ஆய்வாளர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

முதல் கேள்வி கேட்டது எங்கம்மாங்க. ஒத்தக் கால்ல நிக்கறது நாந்தான். எந்தக் கேள்வியை ஆய்வுக்கு எடுக்கலாம்னு சொல்லுங்க.
– மகள், பெருந்துறை

சந்தோஷம் அம்மணி. முதலில் உன் கல்லூரி மண் ஆய்வகத்துக்குப் போ. கடற்கரையில் அலை ஏறி இறங்கும் இடத்து மணலைக் கொண்டுவந்து உப்புப் போகக் கழுவு, அடுப்பில் இரவு முழுக்க உலர்த்து. பெரிய கண் மேலே, சின்னக் கண் கீழே என்று சல்லடைகளை அடுக்கிக் கால் மணி நேரம் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போடு. துகளின் நடுத்தர அளவு 0.3 மி.மீ. என்று வருகிறது என்று வை. கொட்டப்போகும் மணல் 0.15 மி.மீ. என்றால் அது தட்டையான சரிவில்தான் நிற்கும். அதே அகலக் கரைக்கு மிக அதிக மணல் வேண்டும். பல கோடி ரூபாய்த் திட்டத்தின் தலையெழுத்து அந்தச் சல்லடையில் இருக்கிறது.

கேள்வி என்று கேட்டால், நம் கரைக்கே உரியதை எடு. நெதர்லாந்து நமக்கு இங்கே வழிகாட்டாது. நம் மணல் வருடத்தில் இரண்டு பக்கமும் போகிறது. ஒரு பேச்சுக்கு, வடக்கே 100 லோடு, தெற்கே 80 லோடு. மிச்சம் 20. ஒவ்வொன்றையும் பத்து சதவீதம் தப்பாக அளந்துவிட்டால், மிச்சம் இரண்டாகவும் வரலாம், 38 ஆகவும் வரலாம். இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சின்ன எண்ணை நம்பித்தான் துறைமுகச் சுவரின் நீளமும் மணல் கடத்தும் ஒப்பந்தமும் முடிவாகின்றன. ஒரு முகத்துவாரத்தைத் தேர்ந்தெடு. மாதாமாதம், வாடைக்காற்று மாதத்தையும் விடாமல், ஒரே கோடுகளில் கரையை அள. புயல் வந்தால் மறுநாளே போ. கணினி மாதிரிகளை யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்கள், அதற்குத் தீனியாக நம் கரையின் தொடர் அளவுதான் போதவில்லை. உன் வழிகாட்டியைவிட அந்த ஊர் மீனவருக்குச் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும். நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்.

வேலை கெடைக்குங்களா?
– அதே வீட்டு அப்பா

படிக்கும்போதே உதவித்தொகை உண்டுங்க: தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை, அண்ணா பல்கலைக்கழகம் இரண்டிலும் இந்த ஆய்வு நடக்கிறது. முடித்தால் பள்ளிக்கரணையில் உள்ள ஆய்வு நிறுவனங்கள், புனேயில் 1916 முதல் இயங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம், துறைமுகங்கள், அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. கரை உள்ள நாடு எல்லாவற்றிலும் வேலை இருக்கிறது.

மணலைக் கடத்திவிடறது சொல்றதுக்கு நல்லாருக்குது. எங்காச்சும் ஒழுங்கா நடந்திருக்குதுங்களா?
– ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை பொறியாளர், பவானி

நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986 முதல் ஒரு முகத்துவாரத்தின் தெற்கே மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வடக்கே அனுப்புகிறார்கள். அதற்குத் தெற்கே ட்வீட் ஆற்றில் 2001-இல் இன்னொரு நிலையம் வந்தது. அங்கே ஆரம்பத்தில் அளவுக்கு மேல் அனுப்பி, கிர்ரா என்ற கடற்கரையின் பாறைத்திட்டே மூடிப்போனது. ஊர் சண்டை பிடித்தது, அளவைக் குறைத்தார்கள், திட்டம் இன்றும் ஓடுகிறது. நாற்பது வருடத்துக்குப் பணமும் ஆளும் ஒதுக்கினால் நடக்கும் வேலை இது.

நீங்கள் துறையில் இருந்தவர், உங்களுக்குப் புரியும். நம் கரையில் புதிதாக ஒரு தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டும் கல்தடுப்பு) மீன்பிடித் துறைமுகமோ வரும்போது, தெற்கே சேரும் மணலை வருடா வருடம் யார், யார் பணத்தில், எத்தனை கன மீட்டர் வடக்கே போடுவது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். பணி ஆணை கையெழுத்தாகும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆள் வேண்டும். உங்களைப் போல ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் சேர்ந்தால்கூடப் போதும்.